ஆடம் கிரீன்பர்க்: முதல் பந்துக்கும் இரண்டாவது பந்துக்கும் நடுவே ஏழு ஆண்டு

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அடுக்கான மேஜர் லீக் பதிவேட்டில் ஆடம் கிரீன்பர்க் என்ற அவுட்ஃபீல்டரின் மொத்தக் கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடும். ஆட்டங்கள் 2. பேட் பிடித்து நின்றது 2 முறை. ஹிட் 0, ரன் 0. பேட்டிங் சராசரி 0.000. ஆனால் அதே வரியில், பேஸை அடைந்த விகிதம் 0.500 என்று இருக்கும்.

இதை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு மூன்று கேள்விகள் வரும். ஒரு ஹிட்கூட அடிக்காதவர் எப்படிப் பாதி முறை பேஸை அடைந்தார்? முதல் ஆட்டம் 2005-இல், அடுத்தது 2012-இல் என்றால், நடுவில் என்ன நடந்தது? அவுட்ஃபீல்டர் என்று எழுதியிருக்கிறதே, களத்தில் நின்று ஒரு பந்தைக்கூடப் பிடித்ததாகக் கணக்கில்லையே, ஏன்?

மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு ஆட்டத்தின் விதி, அணிகள் ஆளெடுக்கும் முறை, காதுக்குள் இருக்கும் ஒரு சின்ன உறுப்பு ஆகிய மூன்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கணக்கு

பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எழும்பி வராது. பிட்சர் 18.44 மீட்டர் தூரத்தில், சிறு மேட்டின் மேல் நின்று நேராக வீசுவார். களத்தில் பேஸ் எனப்படும் நான்கு முனைகள் உண்டு. பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தால் அது ஹிட், நான்கையும் சுற்றி வந்தால் ரன். சுற்றுச்சுவர் வரை பரந்து கிடக்கும் வெளிப்புல்லில் இடது, நடு, வலது என்று நிற்கும் மூவர்தான் அவுட்ஃபீல்டர்கள்.

பேட்டர் வந்து நின்றாலே அது ஒரு 'பிளேட் அப்பியரன்ஸ்'. ஆனால் எல்லா வருகையும் 'அட் பேட்' என்று எண்ணப்படாது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இந்த நான்கும் அட் பேட் கணக்கில் சேராது:

1. பிட்சர் நான்கு பந்துகளை அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே வீசி, பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போவது.
2. பந்து பேட்டரின் உடம்பில் பட்டு, அதற்கு ஈடாக அவருக்கு முதல் பேஸ் கொடுப்பது.
3. ஏற்கெனவே பேஸில் நிற்கும் கூட்டாளியை முன்னேற்றுவதற்காகப் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆவது.
4. தூரமாகத் தூக்கி அடித்துக் கேட்ச் ஆனாலும், அதை வைத்துக் கூட்டாளி ரன் எடுப்பது.

கிரிக்கெட்டில் வைடு பந்து பேட்டர் சந்தித்த பந்தாகக் கணக்கில் ஏறாது அல்லவா, அந்த மாதிரிதான். பேட்டிங் சராசரி என்பது ஹிட்களை அட் பேட்டால் வகுப்பது. பேஸை அடைந்த விகிதமோ, பந்து உடம்பில் பட்டுப் பேஸுக்குப் போனதையும் சேர்த்துக்கொள்ளும். ஆக, ஒருவருடைய முதல் பந்தே அவர் உடம்பில் பட்டால் அவர் மேஜர் லீக்கில் ஆடியவர். ஒரு பிளேட் அப்பியரன்ஸும் அவர் கணக்கில் இருக்கும். ஆனால் அட் பேட் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் அவருக்குப் பேட்டிங் சராசரியே கிடையாது. பேஸை அடைந்த விகிதம் மட்டும் 1.000, அதாவது நூற்றுக்கு நூறு.

கிரீன்பர்க்கின் கணக்கு ஏழு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

மேலே ஏறும் படிக்கட்டு

கிரீன்பர்க் 1981 பிப்ரவரியில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். கில்ஃபோர்டு என்ற ஊரில் வளர்ந்தார். வட கரோலினா பல்கலைக்கழக அணியில் ஆடினார். 2002-இல் நடந்த வீரர் தேர்வின் ஒன்பதாவது சுற்றில் சிகாகோ கப்ஸ் அவரை எடுத்தது. உயரம் அதிகமில்லை. இடக்கை பேட்டர், வேகமாக ஓடுவார். பொறுமையாக நின்று எப்படியாவது பேஸை அடைவார். நடு அவுட்ஃபீல்டுக்கு ஏற்ற ஆள்.

ஆனால் தேர்வானதும் மேஜர் லீக்கில் ஆடிவிட முடியாது. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் பல அடுக்குகளாக இருக்கின்றன: சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. சம்பளமும் வசதியும் குறைவு, பேருந்துப் பயணமோ நீளம். தேர்வாகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மேலே இருப்பதோ 30 அணிகள்தான். 2005-இல் ஓர் அணியின் தினசரிப் பட்டியலில் 25 பேருக்குத்தான் இடம். அதில் ஏறக்குறைய பாதி பிட்சர்களுக்குப் போய்விடும். அவுட்ஃபீல்டர்கள் ஐந்து பேர் இருந்தால் பெரிது. ஒருவர் காயம்பட்டாலோ, ஃபார்ம் இழந்தாலோ, வேறு அணிக்கு மாற்றப்பட்டாலோதான் கதவு திறக்கும். திறந்த நேரத்தில் டபுள் ஏ அடுக்கில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர் உள்ளே போவார். அடுத்த மாதம் அதே கதவு வேறொருவருக்காகத் திறக்கும்.

2005 ஜூலை முதல் வாரம் கப்ஸ் அணிக்கு அப்படி ஒரு நேரம். டபுள் ஏ அணியிலிருந்து இரண்டு அவுட்ஃபீல்டர்களை ஒன்றாக மேலே அழைத்தார்கள். ஒருவர் கிரீன்பர்க், இன்னொருவர் மேட் மர்ட்டன். மர்ட்டன் ஜூலை 8 அன்று இறங்கினார், அந்தப் பருவத்தில் 0.321 சராசரியில் அடித்தார், ஐந்து பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடினார். அப்புறம் ஜப்பானுக்குப் போய், 2010-இல் ஹன்ஷின் டைகர்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 214 ஹிட் அடித்து, ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோவின் 210-ஐத் தாண்டி ஜப்பான் லீக் சாதனை படைத்தார். ஒரே அணியிலிருந்து ஒரே நேரத்தில் படியேறிய இரண்டு பேரில் ஒருவருக்கு அமைந்த வாழ்க்கை இது.

2005 ஜூலை 9, மயாமி

எதிரணி ஃபுளோரிடா மார்லின்ஸ். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். அப்போது மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் பிட்சரும் வரிசைப்படி பேட் பிடித்தாக வேண்டும். பிட்சர்கள் பொதுவாக அடிக்கத் தெரியாதவர்கள் என்பதால், கடைசி நேரத்தில் பெஞ்சில் இருக்கும் ஒருவரை அவருக்குப் பதிலாக அனுப்புவார்கள். அப்படி வருபவர் பிஞ்ச் ஹிட்டர். 2022 முதல் எல்லா அணிகளுக்கும் நிரந்தர மாற்று பேட்டர் வந்துவிட்டதால் பெஞ்சு அவுட்ஃபீல்டர்களுக்குக் கிடைத்துவந்த இந்த வாய்ப்பு இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. அன்று பிட்சர் வில் ஓமனுக்குப் பதிலாகக் கிரீன்பர்க் இறங்கினார். வயது 24. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அரங்கில் இருந்தார்கள்.

வீசியவர் டொமினிக்கன் நாட்டைச் சேர்ந்த இடக்கை பிட்சர் வலேரியோ டி லாஸ் சாண்டோஸ். முதல் பந்து மணிக்கு 92 மைல் வேகம், நம் கணக்கில் ஏறக்குறைய 148 கிலோமீட்டர். கையிலிருந்து புறப்பட்ட பந்து பேட்டரை அடைய அரை விநாடிகூட ஆகாது. இடக்கை பேட்டரின் வலப்பக்கம்தான் பிட்சரைப் பார்த்திருக்கும். பந்து தலைக்கு வருவது தெரிந்து கிரீன்பர்க் முகத்தைத் திருப்பினார். ஹெல்மெட்டின் கீழ் விளிம்பை ஒட்டி, வலக்காதுக்குப் பின்னால் அடி விழுந்தது.

அவர் நினைவிழக்கவில்லை. தலை பிளந்துவிட்டது என்று நினைத்து, பிரிந்துவிடாமல் இருக்க இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதாகப் பின்னாளில் பல பேட்டிகளில் சொன்னார். அவருக்குப் பதிலாகக் கார்லோஸ் ஸம்ப்ரானோ முதல் பேஸுக்கு ஓட வந்தார். பேஸ்பாலில் ஒருமுறை மாற்றப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப முடியாது. கப்ஸ் 8-2 என்று வென்றது.

ஆக, அவுட்ஃபீல்டர் ஒருவரின் மேஜர் லீக் வாழ்க்கை அவுட்ஃபீல்டில் கால் வைக்காமலேயே நின்றுபோனது. பதிவேட்டில் இருக்கும் 'அவுட்ஃபீல்டர்' என்ற சொல் மைனர் லீக்கில் அவர் ஆடிய இடத்தைக் குறிக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கணக்கும் வரலாற்றில் உண்டு. 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்பவர் வலது அவுட்ஃபீல்டில் நின்றார். பேட் பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. மருத்துவராகி மின்னசோட்டாவின் சிஷோம் ஊரில் காலமெல்லாம் வேலை பார்த்தார். களத்தில் நின்றும் பேட் பிடிக்காதவர் அவர். பேட் பிடிக்க வந்தும் களத்தில் நிற்காதவர் கிரீன்பர்க்.

தலைக்குள் நடந்தது

ஹெல்மெட் போட்டிருந்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மன் நியூயார்க்கில் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார். மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து தாக்கி இறந்தவர் அவர் ஒருவர்தான். அப்படியிருந்தும் ஹெல்மெட் கட்டாயமாக அரை நூற்றாண்டு ஆனது. பிட்சரைப் பார்த்த பக்கம் காதை மூடும் மடல், புதிதாக வரும் வீரர்களுக்கு 1983-இல்தான் கட்டாயமானது.

மண்டை ஓடு உடையாமல் காப்பதுதான் ஹெல்மெட்டின் வேலை. மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென அதிர்ந்தால் மூளை உள்ளே குலுங்கும். அந்தக் குலுக்கலால் நரம்புகளின் இயக்கம் தற்காலிகமாகக் குலைவதே கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கிரீன்பர்க்குக்கு வந்ததை முதலில் லேசான மூளை அதிர்ச்சி என்றுதான் சொன்னார்கள்.

அவரை உண்மையில் விடாமல் துரத்தியது இன்னொன்று: தலையின் நிலை மாறும்போது வரும் தலைச்சுற்றல். உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் தம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். புவியீர்ப்பை உணர்வதற்கு அவை உதவுகின்றன. பலமான அடியில் அவை பெயர்ந்து, பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடலாம். அப்புறம் குனிந்தாலோ, படுக்கையில் புரண்டாலோ, அண்ணாந்து பார்த்தாலோ அந்தத் துகள்கள் நகரும். தலை சுற்றுகிறது என்று மூளைக்குப் பொய்த் தகவல் போகும்.

சாதாரண வேலை செய்பவருக்கே இது கொடுமை. இரண்டு காரணங்களால் ஓர் அவுட்ஃபீல்டருக்கு இது தொழிலையே பறித்துவிடும்:

1. தலை அசைந்தாலும் பார்வை அசையாமல் இருக்க உள்காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன. அந்த இணைப்பு ஒரு நொடியின் சிறு பங்கு பிசகினாலும் 148 கிலோமீட்டர் வேகப் பந்தை பேட்டால் தொட முடியாது.
2. அவுட்ஃபீல்டரின் அன்றாட வேலையே ஓடிக்கொண்டே அண்ணாந்து வானத்தில் பந்தைத் தேடுவது. தலைச்சுற்றலைக் கிளப்பிவிடும் அசைவும் அதேதான்.

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயைக் காட்டி ஓய்வு கேட்கலாம். இதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். மூளை அதிர்ச்சிக்கென்று தனியாக ஏழு நாள் காயப்பட்டியலை மேஜர் லீக் 2011-இல்தான் கொண்டுவந்தது. 2005-இல் இருந்தது 15 நாள் பட்டியல், கணுக்கால் சுளுக்குக்கும் மூளை அதிர்ச்சிக்கும் ஒரே பட்டியல். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது, ஏனென்றால் அந்த வாரங்களில் அவசரமாகத் திரும்ப வேண்டிய நெருக்கடி புதிதாக வந்த வீரருக்குத்தான் மிக அதிகம்.

ஏன் யாரும் மறுபடி கூப்பிடவில்லை

கிரீன்பர்க்கை யாரும் தடை செய்யவில்லை. இது பலருக்குத் தெரியாத விஷயம். அணியின் பரந்த பட்டியலான 40 பேரில் இருப்பவரைக் குறிப்பிட்ட பருவங்களுக்கு மைனர் லீக்குக்கு அனுப்பவும் அழைக்கவும் அணிக்கு உரிமை உண்டு. அதன்படி அவர் கீழே போனார். தலைவலியும் பார்வைக் கோளாறும் தலைச்சுற்றலும் கூடவே போயின. எண்கள் சரிந்தன. மைனர் லீக்கில் மேலே போவதற்கான ஒரே சீட்டு அந்த எண்கள்தான். அவை ஏன் சரிந்தன என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

2006-இல் கப்ஸ் அணியிலிருந்து விடுபட்டார். அதன்பின் டாட்ஜர்ஸ், ராயல்ஸ், ஏஞ்சல்ஸ் அணிகளின் மைனர் லீக் கிளைகளில் ஆடிப் பார்த்தார். கடைசியில் எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத அட்லான்டிக் லீக்கில், சொந்த மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் புளூஃபிஷ் அணிக்கு வந்துசேர்ந்தார். 2011-இல் அங்கே எதிரணிக்காக வீச வந்தவர் வலேரியோ டி லாஸ் சாண்டோஸ். கிரீன்பர்க் அவர் பந்தை அடித்து ஒரு சிங்கிள் எடுத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஹிட் அதுதான். சுதந்திர லீக் ஆட்டம் என்பதால் மேஜர் லீக் பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

இதில் பணமும் இருக்கிறது. 2005-இல் மேஜர் லீக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 3,16,000 டாலர். மைனர் லீக் சம்பளம் அதன் பக்கத்தில்கூட வராது. வீரர்கள் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற மேஜர் லீக் பட்டியலில் 43 நாள் இருந்தால் போதும். அதனால் ஓர் அவுட்ஃபீல்டர் ஒரு மாதம் மேலே தங்குகிறாரா, இரண்டு மாதம் தங்குகிறாரா என்பது அவர் முதுமை வரைக்கும் பாதிக்கும்.

2012: ஒரே ஒரு அட் பேட்

கப்ஸ் ரசிகரும் ஆவணப்பட இயக்குநருமான மேட் லிஸ்டன் இணையத்தில் ஒரு கையெழுத்து இயக்கம் தொடங்கினார். கோரிக்கை ஒன்றுதான்: கிரீன்பர்க்குக்கு முறையான ஓர் அட் பேட் வேண்டும். கப்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. முன்வந்தது மார்லின்ஸ், அன்று எதிரில் நின்ற அதே அணி. ஒரு நாள் ஒப்பந்தம் கொடுத்தது.

விதி இதற்கு எப்படி இடம் கொடுத்தது? அன்றைய வழக்கப்படி செப்டம்பர் 1-க்குப் பிறகு தினசரிப் பட்டியலை 25-லிருந்து 40 வரை விரிக்கலாம். யாரையும் வெளியேற்றாமல் ஒருவரைச் சேர்க்க முடியும். மார்லின்ஸ் புது அரங்கில் முதல் பருவம் ஆடி, 69 வெற்றி, 93 தோல்வியோடு பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது. இழக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

எதிர்ப்பும் எழுந்தது, அதை ஒதுக்கித் தள்ள முடியாது:

1. மேஜர் லீக் இடம் உழைத்துப் பெற வேண்டியது, மனுக்கொடுத்துப் பெறுவதல்ல.
2. ஆயிரக்கணக்கான மைனர் லீக் வீரர்கள் ஒரு பந்துகூடக் காணாமல் போயிருக்கிறார்கள். இவருக்கு மட்டும் ஏன்?
3. தோற்றுப்போன அணி ஒன்று விளம்பரத்துக்காகச் செய்கிறது.

மூன்றாவது உண்மையாகவே இருக்கலாம். முதல் இரண்டையும் நான் ஏற்கவில்லை. 2005-இல் அவர் உழைத்துத்தான் அந்த இடத்தைப் பெற்றார். முதல் பந்தே அதைப் பறித்தது. 2012-லும் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. அந்தச் செப்டம்பரில்தான் உலக பேஸ்பால் கிளாசிக் தகுதிச் சுற்றில் இஸ்ரேல் அணிக்காக ஃபுளோரிடாவில் இறங்கியிருந்தார்.

அக்டோபர் 2. எதிரணி நியூயார்க் மெட்ஸ். ஆறாவது இன்னிங்ஸில், அவுட்ஃபீல்டர் பிரையன் பீட்டர்சனுக்குப் பதிலாக அவர் வந்தார். அரங்கம் எழுந்து நின்றது. வீசியவர் ஆர். ஏ. டிக்கி. அந்தப் பருவத்தில் 20 ஆட்டங்களை வென்று, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் வாங்கவிருந்தவர். அவருடைய ஆயுதம் நக்கிள்பால்: ஏறக்குறைய சுழலாமல் வரும் பந்து. சுழற்சி இல்லாததால் காற்றில் எந்தப் பக்கம் நழுவும் என்று பேட்டருக்கும் தெரியாது, பிடிக்கும் கேட்சருக்கும் தெரியாது. தினமும் ஆடுகிறவர்களே அதைத் தொடத் திணறுவார்கள். டிக்கி இரக்கப்பட்டு லேசாக எதுவும் போடவில்லை. அவர் அப்படிச் செய்ததுதான் சரி, அதுதான் கிரீன்பர்க்குக்குக் கொடுத்த மரியாதை. மூன்று பந்துகள், மூன்று ஸ்ட்ரைக் (அடிக்காமல் விட்ட அல்லது தவறவிட்ட நல்ல பந்துகள்), அவுட்.

அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 4,80,000 டாலர். அதில் ஒரு நாள் பங்கு சுமார் 2,600 டாலர். அதை மூளை அதிர்ச்சி ஆய்வுக்காகப் பாடுபடும், அப்போது ஸ்போர்ட்ஸ் லெகசி இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் இருந்த அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

கணக்கு என்ன ஆனது

ஸ்ட்ரைக் அவுட் என்பது தோல்விதான், ஆனால் அது முறையான அட் பேட். அதனால் 2012 அக்டோபர் 2 இரவு அவர் வரியில் இரண்டு விகிதங்கள் மாறின. இல்லாத பேட்டிங் சராசரி 0.000 என்று உருவானது. 1.000 ஆக இருந்த விகிதம், இரண்டில் ஒன்று என்பதால் 0.500 ஆனது. தொடக்கத்தில் பார்த்த வரி இப்படித்தான் வந்தது.

2013-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தது. பருவம் தொடங்கும் முன்பே விடுவித்தது. 2014 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். 2018-இல் கனெக்டிகட் மாநில செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார்.

பதிவேட்டில் மாறியது இன்னொன்றும் உண்டு. 1955 செப்டம்பரில் பிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணியின் ஃபிரெட் வான் டூசன் என்ற 18 வயது அவுட்ஃபீல்டர் பேட் பிடிக்க வந்தார். பந்து உடம்பில் பட்டது. அதுவே அவருடைய முதலும் கடைசியுமான மேஜர் லீக் வருகை, களத்திலும் நின்றதில்லை. ஒரே ஒருமுறை வந்து, பந்தடி மட்டும் பட்டு, களத்தையும் காணாமல் போனவர்கள் பட்டியலில் ஏழு ஆண்டுகளாக இரண்டு பெயர்கள் இருந்தன. டிக்கியின் மூன்றாவது பந்துக்குப் பிறகு அதில் வான் டூசன் மட்டும் மிஞ்சினார்.